சு. சுப்பிரமணிய ஐயர்

சர் சு. சுப்பிரமணிய ஐயர் (அக்டோபர் 1, 1842 - டிசம்பர் 5, 1924) சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வழக்கறிஞர், நீதிபதி, அரசியல்வாதி ஆவார். மணி ஐயர் என்றும் அழைக்கப்பட்டார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்கு இந்தியத் தன்னாட்சி கோரி இவர் எழுதிய கடிதம் பெரும் சர்ச்சையை ஏற்படுத்தியது.

வாழ்க்கையும் தொழிலும்

இவர் மதுரையில் பிறந்தார். சட்டத் தேர்வில் தேறியபின் மதுரையில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார்; 1880களில் சென்னைக்கு இடம்பெயர்ந்தார். 1884ல் சென்னை சட்ட மேலவைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டில் சென்னையின் பிரதிநிதிகளுள் ஒருவராகக் கலந்து கொண்டார். அம்மாநாட்டில் பங்கேற்ற இதழாசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் வேறொருவர்.

நீதிபதி

1895ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1899, 1903, 1906 ஆகிய ஆண்டுகளில் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றினார். 1900ல் சர் பட்டம் பெற்றார். பார்வைக் குறைவால் 1907ல் பதவி விலகினார்.

வில்சனுக்குக் கடிதம்

1916ல் அன்னி பெசன்ட் தொடங்கிய தன்னாட்சி இயக்கத்திற்கு இவர் கௌரவத் தலைவரானார். 1917 ஜூனில் பெசன்ட் காவலில் வைக்கப்பட்டார். அதே மாதம் 24ஆம் நாள் சுப்பிரமணிய ஐயர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கா முதல் உலகப் போரில் நுழைந்து அப்போது மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. மக்களாட்சிக்காகவே போரிடுவதாக வில்சன் கூறியிருந்தார். இந்தியாவுக்குத் தன்னாட்சி உறுதியளிக்கப்பட்டால் போர்முனைக்கு இலட்சக்கணக்கான வீரர்கள் முன்வருவர் என்பது கடிதத்தின் வாதம். இந்தியாவில் பிரித்தானிய ஆட்சி நடைபெற்ற முறையையும் அது கடுமையாகக் குறை கூறியது. தணிக்கையைத் தவிர்ப்பதற்காக ஹாட்ச்னர் என்ற அமெரிக்கத் தம்பதியர் அதனை நேரில் எடுத்துச் சென்றனர்.

பெசன்ட் 1917 செப்டம்பரில் விடுவிக்கப்பட்டார். எனினும் கடிதம் குறித்த கண்டனம் ஓயவில்லை. 1918ல் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அதனை இழிவானது எனக் கண்டித்தார். இதற்கு மறுமொழியாகச் சுப்பிரமணிய ஐயர் தமது சர், திவான் பகதூர் பட்டங்களைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது 75. இரவீந்திரநாத் தாகூர் 1919ல் தமது சர் பட்டத்தைத் துறப்பதற்கு ஓராண்டு முன்னரே இது நிகழ்ந்தது. அரசின் உயர் பதவியையும் பட்டங்களையும் பெற்ற ஒருவர் இவ்வாறு வெளிப்படையாக எதிர்ப்புக் காட்டியமை தன்னாட்சி இயக்க வரலாற்றில் குறிப்பிடத்தக்கதாகும்.