போகிறவர்களும் இருக்கிறவர்களும்



அக்டோபர் மாதம் என்றாலே மறைபரப்பு ஞாயிறு நம் நினைவுக்கு வரும். 1926-ஆம் ஆண்டு திருத்தந்தை 11-ஆம் பயஸ் ஏற்படுத்திய இந்த நாளை, அந்த மாதத்தின் கடைசிக்கு முந்தைய ஞாயிறன்று உலகத் திருச்சபை முழுவதும் கொண்டாடுகிறோம். இந்த நாள்களில் பங்குப் பணியாளர்களாகிய எங்களிடம் இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “ஃபாதர், லீவில் பத்துப் பதினைந்து நாள் வெளிநாடு போய் மறைப்பணி செய்துவிட்டு வரலாமா?” பெற்றோர் வேறொன்று கேட்கிறார்கள்: “டிக்கெட்டுக்கு ஆகும் பணத்தை அங்குள்ள ஏழைகளுக்கே கொடுத்துவிடலாமே, ஃபாதர்?” இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் நற்செய்தியின் ஒளியில் விடை தேடுவோம்.

ஆண்டவர் இயேசுவே குறுகிய காலப் பணிக்கு ஆள்களை அனுப்பியிருக்கிறார். லூக்கா நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக அனுப்புகிறார். பணப்பை வேண்டாம், வைப்பதை உண்ணுங்கள், வீட்டுக்கு வீடு மாற வேண்டாம் என்கிறார். இவை விருந்தாளிக்குரிய ஒழுங்குகள். கொடுக்க வந்த பெரிய மனிதர்களாக அல்ல, பிறர் கையை எதிர்பார்த்து நிற்பவர்களாகவே சீடர்கள் ஊருக்குள் நுழைகிறார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாம் போகவிருந்த ஊர்களுக்குத்தான் ஆண்டவர் அவர்களை முன்னதாக அனுப்பினார். அவர்கள் திரும்பிவிடுவார்கள், ஆனால் அவர் வருவார். அவர்களுடைய சில நாள் பணிக்குப் பொருள் கொடுத்தது இதுதான்.

திருத்தூதர் பவுலின் வாழ்விலும் இதைக் காண்கிறோம். தெசலோனிக்க நகரில் அவர் மூன்று ஓய்வுநாள்கள் தொழுகைக் கூடத்தில் பேசினார் என்று திருத்தூதர் பணிகள் 17-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதற்குமேல் சில வாரங்களோ சில மாதங்களோ அங்கே தங்கியிருக்கலாம். பிறகு கலவரம் எழுந்து, இரவோடு இரவாக வெளியேற வேண்டியதாயிற்று. ஆனால் பவுல் அவர்களை மறந்துவிடவில்லை. திமொத்தேயுவைத் திருப்பி அனுப்பி அவர்களுடைய நிலையை அறிந்துவரச் செய்தார், கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே புதிய ஏற்பாட்டு நூல்களில் மிகப் பழையது என்பது விவிலிய அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. தங்கிய காலம் குறைவு. ஆனால் உறவு தொடர்ந்தது. அதனால் அந்தப் பணி நிலைத்தது.

நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் வந்து இறங்கினார். அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே அவர் பணியாற்றியது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். தமிழ் அவருக்குச் சரளமாக வரவில்லை. தமிழறிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு செபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். புறப்படும் முன் ஊர் ஊராக உபதேசிமாரை ஏற்படுத்தினார். தம்மால் அங்கேயே இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அங்கேயே இருக்கப்போகிறவர்களின் கையில் பணியை ஒப்படைத்துவிட்டே போனார்.

அவருக்குப் பின் வந்த அருள்பணி என்றிக்கே என்றிக்கசு 1600-இல் இறக்கும்வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் கடற்கரை மக்களுக்காகவே வாழ்ந்தார். தமிழை முறையாகக் கற்றார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. அது அவர் தந்தது. சவேரியார் தொடங்காமல் என்றிக்கசு இல்லை. என்றிக்கசும் பெயர் தெரியாத அந்த உபதேசிமாரும் இல்லாமல் சவேரியாரின் இரண்டு ஆண்டுகள் வேர் பிடித்திருக்காது.

ஓரிடத்தில் நிலைத்திருப்பது என்றால் என்ன என்று பார்க்க நாம் தூத்துக்குடி வரைகூடப் போக வேண்டியதில்லை. நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சி போதும். இத்தாலியில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1711 வாக்கில் தமிழகம் வந்தார். 1747-இல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவில்லை. நாம் அவரை வீரமாமுனிவர் என்கிறோம். ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அழைத்தார்; அடைக்கல அன்னைமேல் கலம்பகம் பாடினார். புனித சூசையப்பரின் வரலாற்றைத் ‘தேம்பாவணி’ என்ற காப்பியமாக 3,615 பாடல்களில் தந்தார். 1732-இல் ‘சதுரகராதி’ தொகுத்தார். எகர, ஏகார எழுத்துகளுக்கு இன்று நாம் காணும் வேறுபாடும் அவர் செய்த சீர்திருத்தம் என்பார்கள். அப்படியானால் ஏலாக்குறிச்சி என்ற பெயரின் முதல் எழுத்திலேயே அவர் கைபட்டிருக்கிறது. பத்து நாளில் செய்யக்கூடிய காரியமா இது? நம் மொழியை நம்மிடமே மாணவராக அமர்ந்து கற்றவர், பிறகு நமக்கே ஆசிரியரானார்.

அப்படியானால் பத்து நாள் பயணம் வீணா? வீண் இல்லை. ஆனால் அதன் இடம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். குறுகிய காலம் போகிறவர் அங்கேயே இருக்கிறவருக்குத் துணையாகப் போகிறார். இருக்கிறவரின் இடத்தை அவர் பிடித்துக்கொள்ள முடியாது. இந்த ஓர் உண்மை தெளிவானால் மற்றவை தாமாகத் தெளிவாகும்.

முதலாவது, அழைப்பு. அந்த நாட்டு ஆயரோ பங்குப் பணியாளரோ துறவற இல்லமோ நம்மை அழைத்திருக்க வேண்டும். என்ன வேலை என்பதை அவர்கள் சொல்ல வேண்டும். நாம் தீர்மானித்துக்கொண்டு போகக்கூடாது. விசாவும் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய்ச் சமயப் பணி செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. நம் நாட்டிலும் அயல்நாட்டு மறைப்பணியாளருக்குத் தனி விசா உண்டு. நாம் சட்டத்தை மீறினால், நாம் ஊர் திரும்பிய பிறகு விசாரணைக்குப் போய் நிற்பவர் நம்மை வரவேற்ற பங்குக் குருதான்.

இரண்டாவது, வேலை. வெளிநாட்டிலிருந்து ஒரு குழு ஆண்டிமடம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்து, பத்து நாளில் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் போவதாக வைத்துக்கொள்வோம். அதே ஊரில் கொத்தனாரும் சித்தாளும் வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தால் அந்தச் சேவை யாருக்கு? நம் ஊரில் நமக்கு வலிப்பது அடுத்தவர் ஊரில் அவர்களுக்கும் வலிக்கும். உள்ளூர்க்காரர் செய்யக்கூடியதை அவர்களே கூலி பெற்றுச் செய்யட்டும். நோயாளிகளைச் சந்திப்பது, சேர்ந்து செபிப்பது, கேட்டால் ஒரு தொழிலைக் கற்றுக்கொடுப்பது, அவர்கள் கதையைக் கேட்பது, இவை நமக்குரிய வேலைகள்.

மூன்றாவது, குழந்தைகள். அநாதை இல்லத்துப் பிள்ளைகளோடு பத்து நாள் பாசமாகப் பழகிவிட்டுப் பிரிந்து வருகிறோம். அடுத்த மாதம் இன்னொரு குழு வருகிறது. ஒவ்வொரு முறையும் பிரிவைத் தாங்குவது அந்தப் பிள்ளைதான். ஆகவே அங்குள்ள பொறுப்பாளர்களின் பாதுகாப்பு விதிமுறைகளை மதிக்க வேண்டும். எந்தக் குழந்தையோடும் தனியாக இருக்கக்கூடாது. அனுமதியில்லாமல் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. ஏழையின் முகம் நம் சேவைக்கு விளம்பரம் அல்ல.

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருவோம். திரும்பி வந்த பிறகு எந்தத் தொடர்பும் இருக்காது என்றால், டிக்கெட் பணத்தை அனுப்பிவிடுவதே நல்லது. இதை வெளிப்படையாகவே சொல்கிறோம். கடன் வாங்கிப் போவதும் வேண்டாம். ஆனால் அந்தப் பயணத்தால் இரு பங்குகளுக்கிடையே உறவு பிறந்து, கடிதமும் செபமும் உதவியும் தொடருமானால், அந்தச் செலவு விதைநெல்லைப் போன்றது. விதைநெல்லைச் சமைத்து உண்டிருக்கலாமே என்று எந்த விவசாயியும் வருந்துவதில்லை.

வேறு சிலரையும் இங்கே நினைக்க வேண்டும். நம் இரு மாவட்டங்களிலிருந்தும் எத்தனையோ பேர் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறார்கள். விடுமுறை நாளில் ஆலயம் தேடிப் போய்த் தமிழ்த் திருப்பலியில் பாடுகிறார்கள். வெளிப்படையாக மறையறிவிக்கச் சட்டம் இடம் தராத இடங்களில், நேர்மையான உழைப்பாலும் அறைத்தோழருக்குச் செய்யும் உதவியாலும் கிறிஸ்துவை அறிவிக்கிறார்கள். யாரும் அவர்களுக்கு மறைப்பணியாளர் என்று பெயர் சூட்டி வழியனுப்பவில்லை. இனி நம் பங்கில் வேலைக்காக வெளிநாடு புறப்படும் ஒவ்வொருவரையும் பீடத்தின் முன் நிறுத்தி, ஆசி கொடுத்து அனுப்புவோம். திருமுழுக்குப் பெற்ற அனைவருமே அனுப்பப்பட்டவர்கள் அல்லவா?

போக வாய்ப்பே இல்லாத தாய்மாரும் முதியவர்களும் மனம் தளர வேண்டாம். குழந்தை இயேசுவின் புனித தெரேசா லிசியு நகரின் மடத்தைவிட்டு ஒருநாளும் மறைபரப்பு நாடுகளுக்குப் போனதில்லை. இரண்டு மறைப்பணியாளர்களுக்காகச் செபித்தார். அவர்களுக்குக் கடிதம் எழுதினார். 1927-இல் திருச்சபை அவரைச் சவேரியாரோடு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தது. கடல் கடந்தவரும் வாசல் தாண்டாதவரும் இப்படி ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

அன்பு இளைஞர்களே, போக விரும்பினால் போய் வாருங்கள். அழைத்தால் போங்கள், விருந்தாளியாக இருங்கள், வைப்பதை உண்ணுங்கள், கற்றுக்கொண்டு வாருங்கள், வந்த பிறகு மறவாதிருங்கள். ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை உங்கள் பயணத்துக்குத் துணையிருப்பாராக. தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலே, ஆமென்.