குளிசைக்குள் என்ன இருக்கிறது?

இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்தில், அம்மா ஒரு பால்மா ரின்னுக்குள் குளிசைகளைச் சேர்த்து வைத்திருந்தார். மழை ஈரமும் வெயில் சூடும் பட்டு, பரசிற்றமோல் குளிசைகள் சில பழுப்பாகிவிட்டன. "காய்ச்சல் குளிசைதானே, போடு பிள்ளை" என்றார். நானும் விழுங்கினேன். பின்னாளில் இரசாயனம் படித்தபோதுதான் அந்தப் பழுப்பு என்னவென்று விளங்கியது.

பரசிற்றமோல் ஈரத்தாலும் வெப்பத்தாலும் மெல்லச் சிதைந்தால் 4-அமினோபீனோல் உண்டாகும். காற்றுப்பட்டு நிறம் மாறுவது அதுதான். சிறுநீரகத்துக்குக் கெடுதியானது. மருந்து தயாரிக்கும்போதும் இது மிஞ்சக்கூடும். மூலப்பொருளில் பத்து இலட்சத்துக்கு 50 பங்கு என்பதே ஐரோப்பிய மருந்துநூல் நீண்டகாலம் வைத்திருந்த எல்லை. இவ்வளவு சொற்பம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. குளிசை வெள்ளையாகவே இருக்கும்.

வாந்தியெடுக்கும் பிள்ளைக்கு மலவாசலில் வைக்கும் பரசிற்றமோலைச் சோதிப்பது இன்னும் கடினம். அது கொழுப்போடு சேர்ந்த மருந்து, தண்ணீரில் கரையாது. எண்ணெய்ச் சட்டியைக் கழுவச் சவர்க்காரம் வேண்டும் அல்லவா? ஆய்வுகூடத்திலும் அதே சங்கதிதான். ஒக்டேன் என்ற எண்ணெய் நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவாக, சவர்க்காரத் தன்மையுள்ள தூள் ஒன்று, பியூட்டனோல் என்ற அற்ககோல், மீதி காரநீர். கலக்கினால் பால்போல் வெளுக்காது. எண்ணெய்த்துளிகள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் தெளிந்தே நிற்கும். இதை நுண்பால்மம் என்பார்கள்.

மருந்தை இதில் கரைத்து, தலைமயிரிலும் மெல்லிய துளையுள்ள குழாய்க்குள் விட்டு, 10,000 வோல்ற்றுக்கு மேல் மின்னழுத்தம் கொடுப்பார்கள். நீரை விரும்பும் பொருள் முன்னே ஓடும். எண்ணெய்த்துளியைப் பற்றிக்கொள்வது பின்தங்கும். குழாய் முடியும் இடத்தில் புறஊதா ஒளி ஒவ்வொன்றையும் கண்டு, வரைபில் ஒரு மேடாகக் காட்டும். மேட்டின் பரப்பிலிருந்து அளவு தெரியும். ஜப்பானிய விஞ்ஞானி வட்டராய் 1991 இல் வெளியிட்ட முறை இது.

எல்லாக் கலப்பும் இதில் அகப்படாது. 2022 இல் காம்பியாவில் இருமல், தடிமன் பாணி மருந்துகளோடு தொடர்புபட்டு 60 இற்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். அந்தப் பாணிகளில் கண்ட டைஎதிலீன் கிளைக்கோல் புறஊதா ஒளிக்குத் தெரியாது. அதற்கு வேறு கருவி வேண்டும்.

நம்மிடம் எந்தக் கருவியும் இல்லை. ஆனால் மட்டையில் வரும் குளிசையைப் பிரித்துப் போத்தலில் போடாதீர்கள். தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் மட்டையில்தான் இருக்கின்றன. நிறம் மாறியிருந்தால் விழுங்காமல், மட்டையோடு வைத்தியசாலை மருந்தகத்தில் காட்டுங்கள். அந்த இலக்கம் இருந்தால்தான் அதே தொகுதி மருந்தைத் தேடியெடுத்துச் சோதிக்க முடியும்.

அம்மாவின் ரின்னில் ஒரு குளிசைக்கும் மட்டை இருக்கவில்லை.