‘பிரசன்ட்லி’ என்றால் எப்போது?

பேரனின் கல்லூரிக் கட்டணத்திற்காகப் பணம் எடுக்க வந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர், நாம் அனுப்பிய கடிதத்தை மேசைமேல் வைத்தார். அவருடைய வைப்புத்தொகையைப் ‘பிரசன்ட்லி’ புதுப்பிக்கிறோம் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தோம். ‘இப்போது’ என்பது நாம் கருதிய பொருள். ‘சற்றுப் பின்னர்’ என்பது அவர் கற்றதும் கற்பித்ததும். இன்னும் நாள் இருக்கிறது என்று எண்ணி வந்தவரிடம், வைப்பு முன்னரே புதுப்பிக்கப்பட்டுவிட்டது, இடையில் முடித்தால் வட்டி குறையும் என்று சொல்ல நேர்ந்தது. அகராதியைப் புரட்டினோம். இரு பொருளும் அதில் இருந்தன. கடிதம் நம்முடையது, ஆதலால் வட்டியைக் குறைக்காமல் பணம் வழங்க மேலலுவலகத்தின் இசைவைப் பெற்றோம்.

இச்சொல்லின் வரலாறு சுவையானது. ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘உடனே’ என்பதே இதன் பெருவழக்கு. பின்னர் ‘சற்று நேரத்தில்’ என்று தளர்ந்தது. ‘சூன்’ என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் ‘உடனடியாக’ என்றே பொருள்பட்டது. உடனே செய்வதாகச் சொல்லித் தாமதிப்பது எந்நாட்டவர்க்கும் இயல்பு போலும். நம்மவர் சொல்லும் ‘இதோ வந்துவிட்டேன்’ எத்தகையது என்பதை யாவரும் அறிவோம். ‘இப்போது’ என்ற பொருளும் பழையதே. இங்கிலாந்தின் எழுத்து வழக்கில் அது அருகியபோதும் ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் நிலைத்தது. இந்திய அலுவலகங்களில் இன்று அதுவே வழக்கு.

உடன்வரும் வினையைக் கவனித்தால் பெரும்பாலும் ஐயம் தீரும். எதிர்கால ‘வில்’ வந்தால் ‘சற்றுப் பின்னர்’. நிகழ்கால ‘இஸ்’ வந்தால் ‘இப்போது’. நாம் எழுதிய ‘ஆர் ரென்யூயிங்’ போன்ற வடிவமோ நடப்பதையும் நடக்கவிருப்பதையும் ஒருங்கே குறிக்கும். அங்கு ‘கரண்ட்லி’ அல்லது ‘ஷார்ட்லி’ என்று பிரித்து எழுதுவதே நலம். ‘மொமன்டரிலி’ இன்னொரு பொறி: அமெரிக்கர் பலர்க்கு அது ‘இன்னும் ஒரு நொடியில்’, பிரிட்டானியர்க்கு ‘ஒரு நொடி மட்டும்’.

‘இம்மீடியட்லி’ தெளிவானதே, ஆயினும் அதற்கும் நாள்கணக்கு இல்லை. நீங்கள் செய்யாத மின்னணுப் பரிவர்த்தனை பற்றி உடனே தெரிவிக்கும்படி குறுஞ்செய்தி கேட்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையோ எண்ணிச் சொன்னது. வங்கியும் வாடிக்கையாளரும் தவறிழைக்காத மோசடியில், செய்தி கிடைத்த நாளை நீக்கி 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்றது. 4 முதல் 7 நாள்களானால் ஒரு வரம்பு வரை இழப்பை அவர் ஏற்க வேண்டும் என்றது.

ஆசிரியர் கொணர்ந்த கடிதத்தின் படிவத்தில் இப்போது அச்சொல் இல்லை. வைப்பு எந்தத் தேதியில் புதுப்பிக்கப்படும் என்பதை அச்சிடுகிறோம்.