சக்கரங்களின் மேல் ஒரு குடித்தனம்: கரப்பான் பூச்சியை ஒழிக்கும் வகை

வீடு என்றவுடன் சுவரும் கூரையும் கொண்டு ஓரிடத்தில் நிலைத்து நிற்பதொன்றே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் நம்மவருள் பலருக்கு ஆண்டின் பெரும்பகுதியில் வீடாக அமைவது ஒரு லாரியே ஆகும். திருச்செங்கோட்டு வட்டாரத்திலிருந்து ஆழ்குழாய்க் கிணறு தோண்டப் புறப்படும் ரிக் வண்டிகளை மத்தியப் பிரதேசத்திலும், சத்தீஸ்கரிலும், இராஜஸ்தானத்திலும் காணலாம். துளையிடும் எந்திரம் ஒரு வண்டியில். குழாய்களும் சாமான்களும் துணை வண்டியில். அரிசி, பருப்பு, அடுப்பு, பாய், போர்வை ஆகிய அனைத்தும் அவ்வண்டியில்தான். வேலையாட்கள் மாதக்கணக்கில் அங்கேயே சமைத்து, உண்டு, உறங்குகிறார்கள். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரி ஓட்டுநர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் காரவான் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையை அறிவித்த பின்னர், உல்லாசப் பயணத்துக்கான வீட்டு வண்டிகளும் நம் சாலைகளுக்குப் புதியன அல்ல.

இத்தகைய வண்டிக் குடித்தனத்தில் அழையா விருந்தாளியாக வந்து சேருவது கரப்பான் பூச்சி. அதனை எவ்வாறு ஒழிப்பது என்பதையே இங்கு எடுத்துக் கூற முற்படுகிறோம். பம்பாய்ச் சாலிலோ, டில்லிப் பர்சாத்தியிலோ ஓர் அறையில் குடியிருக்கும் நேயர்களுக்கும் இதில் கூறுவன பெரும்பாலும் பொருந்தும்.

பகைவன் யார்?

கரப்பான்களில் நமக்குப் பழக்கமானவை முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, செம்பழுப்பு நிறமும் 35 முதல் 40 மில்லிமீட்டர் நீளமும் உடையது. சாக்கடையும் கழிவுநீர்க் குழாயும் அதன் இருப்பிடம். மற்றொன்று 13 முதல் 16 மில்லிமீட்டரே உள்ள சிறிய வகை. வெளிறிய பழுப்பு நிறத்தது. தலைக்குப் பின்புறம் கருங்கோடுகள் இரண்டு இருக்கும். வண்டிகளில் பெருகுவது பெரும்பாலும் இச்சிறிய வகையே.

விஞ்ஞானிகள் இதனை ஜெர்மானியக் கரப்பான் என்று அழைக்கிறார்கள். 1767-இல் லின்னேயஸ் இட்ட பெயர் அது. ஆனால் பெயர்தான் ஜெர்மானியம். 17 நாடுகளிலிருந்து திரட்டிய 281 பூச்சிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, 2024-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இது ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியன்மார்ப் பகுதியில் காட்டு இனம் ஒன்றிலிருந்து பிரிந்து மனிதனுடன் வாழப் பழகியது என்று கூறுகிறது. வணிகர்களின் மூட்டைகளிலும் கப்பல்களிலும் ஏறியே அது உலகெங்கும் பரவியது. பிரயாணம் அதற்குப் புதிதன்று என்பதை இதனால் அறிகிறோம்.

வெளி மாநிலங்களில் கடைக்குச் சென்று மருந்து கேட்கும்போது பூச்சியின் பெயர் தெரியாமல் தடுமாறுவோரும் உண்டு. இந்தியில் அது 'தில்சட்டா', மராத்தியில் 'ஜுரள்', கன்னடத்தில் 'ஜிரளெ', தெலுங்கில் 'பொத்திங்க', மலையாளத்தில் 'பாற்ற', வங்காளியில் 'ஆர்ஷோலா'.

ஏன் அஞ்ச வேண்டும்?

கரப்பான் கடித்து எவரும் மாண்டதில்லையே என்று சிலர் அலட்சியமாக இருப்பர். சாக்கடையிலும் மலத்திலும் ஊர்ந்த கால்களோடு சோற்றுப் பானையில் ஏறி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளை அது சுமந்து வரக்கூடும். அதனினும் மறைவான தீங்கு ஒன்றுண்டு. அதன் கழிவும், உதிர்த்த தோலும் தூளாகிக் காற்றில் கலந்து சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டுகின்றன. அமெரிக்க நகரங்களில் 476 குழந்தைகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட முடிவின்படி, கரப்பான் ஒவ்வாமையும் படுக்கையறையில் அதன் தூள் மிகுதியும் ஒருங்கே அமைந்த குழந்தைகள், மற்றவர்களைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு முறை ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர நேர்ந்தது. சன்னலை மூடிக்கொண்டு உறங்கும் சிறு கேபினில் அத்தூள் எங்கே போகும்?

வண்டியின் இயல்பு

கரப்பான் ஒழிப்பில் வண்டிக்கு ஒரு பெரிய அனுகூலமும், ஒரு பெரிய அபாயமும் உண்டு.

அனுகூலம் இது: அடுக்குமாடிக் கட்டடத்தில் நம் அறையைத் துப்புரவாக்கினாலும் பக்கத்து வீட்டின் குழாய் வழியே பூச்சி மீண்டும் வரும். வண்டியோ ஒரு தீவுபோன்றது. அதில் இருக்கும் பூச்சிகளில் மிகப் பெரும்பாலானவை நாமே ஏற்றிக்கொண்டவை. சந்தையில் வாங்கிய வெங்காய மூட்டை, மளிகை வந்த அட்டைப் பெட்டி, பழைய மெத்தை இவற்றின் மூலமே அவை நுழைகின்றன. அட்டைப் பெட்டியின் நெளிவுகளுக்குள் குஞ்சுகள் எளிதில் ஒளிந்துகொள்ளும். ஆகவே ஒருமுறை முற்றிலும் ஒழித்துவிட்டால், புதிதாக ஏற்றாதவரை வண்டி சுத்தமாகவே இருக்கும்.

அபாயம் இது: இடம் மிகச் சிறியது. நாம் தெளிக்கும் நஞ்சு கலைந்து போவதற்கு வழியில்லை. படுக்கையும், குடிநீரும், அடுப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆதலால் வீட்டில் செய்வதைவிட வண்டியில் பதின்மடங்கு எச்சரிக்கை வேண்டும்.

செய்ய வேண்டிய முறை

முதலாவது, இறக்குதல். வேலையில்லாத ஒரு நாளில் வண்டியிலுள்ள சாமான்கள் யாவற்றையும் தரையில் இறக்கி வெயிலில் பரப்ப வேண்டும். டப்பாக்களைத் துடைத்து, மெத்தையின் தையலோரங்களைப் பார்த்து, அட்டைப் பெட்டிகளை அப்போதே அப்புறப்படுத்த வேண்டும். இரவில் டார்ச் விளக்கைத் திடீரென்று அடித்துப் பார்த்தால் பூச்சிகள் எந்த இடுக்கை நோக்கி ஓடுகின்றன என்பது புலப்படும். அதுவே அவற்றின் பாசறை. மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகள் படிந்த இடமும் அத்தகையதே. பலகைகளின் சந்து, படுக்கைப் பலகையின் அடிப்புறம், அடுப்புப் பெட்டியின் பின்புறம், கதவுக் கீல், டாஷ்போர்டின் உட்புறம் ஆகியவற்றைத் தவறாது பார்க்க வேண்டும். சுமார் 5 மில்லிமீட்டர் இடுக்கு, வளர்ந்த பூச்சிக்குப் போதும். குஞ்சுக்கு அதனினும் குறுகிய பிளவே மாளிகை.

இரண்டாவது, பட்டினி போடுதல். எண்ணெய்ப் பிசுக்கையும் சோற்றுப் பருக்கையையும் சோப்பு நீரால் கழுவித் துடைக்க வேண்டும். கண்ணில் படும் பூச்சிகளின்மேல் அதே சோப்பு நீரைத் தெளித்தால், அவற்றின் மூச்சுத் துளைகள் அடைபட்டு மடியும். உணவைவிடத் தண்ணீரே அவற்றுக்கு இன்றியமையாதது. தண்ணீர் இருந்தால் உணவின்றிப் பல வாரம் வாழக்கூடிய இச்சிறு பூச்சி, இரண்டும் இல்லாவிடில் சுமார் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை. எனவே ஒழுகும் குடிநீர்க் கேன், ஈரச் சாக்கு, இரவெல்லாம் கழுவாமல் கிடக்கும் பாத்திரம் ஆகியவற்றை ஒருபோதும் வைத்திருக்கலாகாது.

மூன்றாவது, இரை மருந்து. பிப்ரோனில் அல்லது இமிடாகுளோபிரிட் சேர்த்த பசை, ஊசிக்குழலில் அடைத்துக் கடைகளில் கிடைக்கிறது. துவரம்பருப்பு அளவுள்ள சிறு புள்ளிகளாக, பூச்சி பதுங்கும் இடுக்குகளின் வாயருகில் பல இடங்களில் வைக்க வேண்டும். ஓரிடத்தில் குவித்து வைப்பதால் பயனில்லை. இதனை உண்ட பூச்சி உடனே சாவதில்லை. தன் பதுங்கிடத்துக்குச் சென்று மடிகிறது. அதன் கழிவையும் உடலையும் தின்னும் குஞ்சுகளும் அந்நஞ்சினால் இறக்கின்றன. இரை மருந்தின் சிறப்பே இதுதான். இஞ்சினின் வெப்பம் தாக்கும் இடத்தில் பசை காய்ந்துவிடும், அங்கே வைக்கலாகாது. பாத்திரமும் உணவுப் பொருளும் படும் இடத்தையும் விலக்க வேண்டும்.

இரை வைத்த இடத்தில் தெளிப்பு மருந்தை அடிக்கக் கூடாது. சாதாரணத் தெளிப்பு மருந்துகளில் பல, பூச்சியை விரட்டும் இயல்புடையவை. விரட்டப்பட்ட பூச்சி இரையை அணுகாது. வேறு மூலையில் போய்க் குடியேறும்.

ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் உபயோகிப்பதும் தவறு. 1980-களில் அமெரிக்காவில் குளுகோஸ் கலந்த இரைகளைச் சில கரப்பான்கள் தீண்டாமல் விட்டன. அவற்றின் நாவில் குளுகோஸ் இனிப்பாக மட்டுமன்றிக் கசப்பாகவும் உறைக்கிறது என்று 2013-இல் கண்டறிந்தார்கள். இரையை உண்டவை மடிய, கசப்பென்று விலகியவை பிழைத்துப் பெருகியதன் விளைவு அது. ஆகவே ஒரு பசை பயன் தராவிடில், வேறு மருந்துச் சரக்கு உள்ளதாகப் பெட்டியின்மேல் படித்துப் பார்த்து மாற்ற வேண்டும்.

நான்காவது, போரிக் அமிலம். கேரம் பலகையில் வழவழப்புக்காகத் தூவும் பொடியாகப் பலர் அறிந்தது இது. கை எட்டாத இடுக்குகளில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மெல்லிய படலமாகத் தூவ வேண்டும். குவித்தால் பூச்சி சுற்றிக்கொண்டு போய்விடும். உலர்ந்திருக்கும்வரை இது வேலை செய்யும். ஆனால் பார்வைக்கு மாவும் உப்பும் போல் இருப்பதால், சமையல் டப்பாவில் ஒருபோதும் போட்டு வைக்கலாகாது. குழந்தைகள் உண்டால் பேராபத்து.

ஐந்தாவது, கணக்குப் பார்த்தல். ஒட்டும் அட்டைகளை நான்கு மூலைகளில் தேதியிட்டு வைத்து, வாரந்தோறும் எத்தனை பூச்சி சிக்கின என்று எழுத வேண்டும். அட்டை கிடைக்காத ஊரில், கண்ணாடிப் புட்டியின் உள்வாயில் எண்ணெய் தடவி, உள்ளே ரொட்டித் துண்டொன்றை இட்டு வைத்தால் போதும். உள்ளே இறங்கிய பூச்சியால் வழுக்கலில் ஏற முடியாது. எங்கே அதிகம் சிக்குகிறதோ அங்கே இரையைக் கூட்ட வேண்டும்.

ஒரு முறை மருந்து வைத்தவுடன் பூச்சி குறைந்தது கண்டு பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். இங்கேதான் தோல்வி நேர்கிறது. இச்சிறு கரப்பானின் முட்டைப் பையில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். தாய் அதனை மூன்று நான்கு வாரம் தன் உடலிலேயே சுமந்து திரிகிறது. அக்காலத்தில் அது இரை தேடி அதிகம் வெளிவருவதில்லை. ஆகவே மருந்துக்குத் தப்பிவிடுகிறது. பின்னர்ப் பிறக்கும் குஞ்சுகள் வெப்பமான இடத்தில் சுமார் இரண்டு மாதத்துக்குள் வளர்ந்து தாமும் பெருகும். எனவே முதல் முறைக்குப் பின் மூன்றாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் புதிய இரை வைக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் அட்டையில் ஒன்றும் சிக்காவிடில்தான் வண்டி தூய்மையாயிற்று என்று கொள்ளலாம். பிறகு பலகைச் சந்துகளைப் பட்டியாலோ சிலிக்கான் பசையாலோ அடைத்துவிடுவது நலம்.

செய்யத் தகாதன

தானியக் கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வண்டியிலோ குடியிருக்கும் அறையிலோ ஒருநாளும் வைக்கக் கூடாது. காற்றின் ஈரம் பட்டவுடன் அது பாஸ்பீன் என்னும் கொடிய நச்சு வாயுவை வெளியிடுகிறது. உறங்கப் போனவர் எழுந்திராமல் போன துயரம் நம் நாட்டில் பலமுறை நிகழ்ந்திருக்கிறது. இம்மாத்திரைக்கு மாற்று மருந்தும் இல்லை. பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நீரில் கலந்து கேபினில் தெளிப்பதும் அத்தகைய விபரீதமே. முன்பு வீடுகளில் தாராளமாகத் தெளித்து வந்த டைகுளோர்வாஸ் என்னும் மருந்தை 2020 டிசம்பர் 31 முதல் இந்திய அரசு தடை செய்துவிட்டது. பழைய புட்டி எங்கேனும் கிடந்தால் அதனைத் தொடவேண்டாம்.

அழுத்தக் குப்பியிலுள்ள தெளிப்பு மருந்து எளிதில் தீப்பற்றும் வாயுவால் பீச்சப்படுவது. அடுப்பு எரியும்போதோ, மின்கம்பிகளின் அருகிலோ அதனை அடிப்பது வண்டியையே கொளுத்துவதற்கு ஒப்பாகும். மூடிய கேபினில் நாப்தலின் உருண்டைகளை வைத்து உறங்குவதும் உடலுக்குக் கேடு. வேப்பிலை, கற்பூரம், பூண்டு முதலியன பூச்சியைச் சற்று விலக்கினாலும் விலக்கலாம்; ஒழிப்பதில்லை. வண்டியை வெயிலில் நிறுத்தினால் பூச்சி வெந்து மடியும் என்று நம்புவோரும் உளர். இடுக்கின் ஆழம்வரை ஏறத்தாழ 50 டிகிரி வெப்பம் சென்று நெடுநேரம் நிலைத்தாலன்றி அது நடவாது.

மருந்து வாடையால் எவருக்கேனும் தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் கண்டால், உடனே அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 112-ஐ அழைக்க வேண்டும். மருந்தின் உறையையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். மொழி தெரியாத ஊரில் நமக்காகப் பேசுவது அவ்வுறையே.

மீண்டும் ஏற்றாதிருத்தல்

அட்டைப் பெட்டியைத் தரையிலேயே பிரித்து, பொருளை இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றி ஏற்றுவது. சாக்கை உதறி ஏற்றுவது. இரவில் எச்சில் பாத்திரம் வைக்காதிருப்பது. இம்மூன்றும் பழக்கமாகிவிட்டால் மருந்துக்கே வேலையில்லை. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வெளிப்புறத்தை மட்டும் பளபளப்பாக்காமல், அன்று படுக்கைப் பலகையையும் தூக்கிப் பார்த்து ஒட்டும் அட்டையை மாற்றுவதென்று வைத்துக்கொள்ளலாம். ஊருக்குத் திரும்பும் பருவத்தில் இது இன்னும் அவசியம். மாதக்கணக்கில் பிரிந்திருந்து வீடு சேரும்போது, பிள்ளைகளுக்கென வாங்கிய பண்டங்களோடு கரப்பானின் முட்டைப் பையும் பெட்டிக்குள் வராதபடி, வாசலிலேயே மூட்டையை அவிழ்த்து உதறிவிட்டு உள்ளே செல்வது நல்லது.