குளமும் குடியும்: மாத்தளை வடபுலத்து உழவர் ஊர்களைப் பேணிய கூட்டுழைப்பு

மாத்தளை மாவட்டம் என்றவுடன் கற்றோர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவன சீகிரியாவும் தம்புள்ளையுமாகும். ஐந்தாம் நூற்றாண்டின் பிற்கூற்றிற் காசியப்ப மன்னன் அமைத்த குன்றரண் ஒன்று. ஓவியமும் சிற்பமும் நிறைந்த குகை விகாரை மற்றொன்று. முன்னது 1982ஆம் ஆண்டிலும் பின்னது 1991ஆம் ஆண்டிலும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. இவற்றின் சிறப்பைப் பேசாதார் இலர். ஆயின், இவற்றைச் சூழ்ந்த வறள்நிலத்திலே வேறொரு பழமையும் உண்டு. ஒரு குளம், அதன்கீழ் ஒரு வயல்வெளி, குளக்கட்டின் அருகே சில குடிகள் என்னும் முறையில் அமைந்த உழவர் ஊரே அப்பழமையாகும். கல்லிற் செதுக்கப்பட்டது பேணுவாரின்றியும் சில காலம் நிற்கும். மண்ணாற் கட்டப்பட்ட குளமோ ஒரு மாரியிற் கவனிப்பாரற்று விடப்படினும் உடையும். அங்ஙனமிருக்க, இவ்வூர்கள் தலைமுறை பலவாக நின்று நிலவியமைக்குக் காரணம் யாது என ஆராய்தல் பயனுடைத்து.

ஊரின் அமைப்பு

மாத்தளை மாவட்டத்தின் தென்பகுதி மழைவளம் மிக்க மலைநாடு. வடக்கே கலேவெலை, தம்புள்ளை, சீகிரியா ஆகிய பகுதிகள் வறள்வலயத்தைச் சார்ந்தவை. ஆண்டிற் சில திங்களே மழை பெறும் இந்நிலத்திற் பெய்த நீரைத் தேக்காது நெல் விளைவித்தல் அரிது. ஆதலின் முன்னோர் சிறு பள்ளத்தாக்குகளிலே ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளங்களை அமைத்தனர். மேற்குளத்து வயலிற் பாய்ந்து கழிந்த நீர் கீழ்க்குளத்தை அடைந்து மீண்டும் பயன்படும். சிங்கள மக்கள் 'எல்லங்காவ' என வழங்கும் இத்தொடர்க்குள முறையைப் பேராசிரியர் சீ. எம். மத்துமபண்டார 1985ஆம் ஆண்டில் தெளிவுற வரையறுத்து விளக்கினார்.

ஒரு குளத்தைச் சூழ்ந்துள்ள ஒவ்வோருறுப்பும் ஒரு தொழிலை உடையது. குளத்தின் மேற்புறத்து அலைகரையில் மருது முதலிய மரங்கள் அடர்ந்த 'கஸ்கொம்மன' என்னும் சோலை காற்றைத் தடுத்து, நீர் ஆவியாகிக் கழிவதைக் குறைக்கும். அதற்கும் மேலே வெட்டப்பட்ட சிறு மடு, வரும் வண்டலைத் தேக்குவதோடு காட்டு விலங்குகளுக்குக் குடிநீரும் ஆகும். குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே 'கட்டகடுவ' என்னும் ஒரு துண்டு நிலம் உண்டு. கட்டினூடே கசியும் நீரிலுள்ள உவர்ப்பை அங்குள்ள செடிகொடிகள் ஏற்று, வயலைக் காக்கின்றன. அங்கு வளரும் தாழை, பாய் முடைதற்கும் உதவும். வீடுகள் தனித்தனியே சிதறாது ஓரிடத்தே நெருங்கி நிற்கும். அவற்றைச் சுற்றியுள்ள 'திஸ்பம்ப' என்னும் வெளி ஊர்ப்பொதுவாகும். இவற்றுள் ஒன்று கெடினும் ஏனையவும் காலப்போக்கிற் கெடும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

உழைப்பின் ஒழுங்கு

இவ்வமைப்பைக் காத்தது மூவகை வழக்கமாகும். முதலாவது பங்கு முறை. குளக்கட்டிற் செடி களைதல், கறையான் புற்றகற்றுதல், எலி வளை அடைத்தல், துருசையும் கலிங்கையும் துப்புரவாக்குதல் ஆகிய பணிகள், ஒவ்வொருவருக்கும் உள்ள வயலின் அளவுக்கேற்பப் பங்கிடப்பட்டன. இரண்டாவது 'அத்தம்' எனப்படும் கைமாறு உழைப்பு. ஒருவன் வயலில் நாற்று நடவும் அரிவி வெட்டவும் அயலார் கூலியின்றி உதவுவர். அவர்தம் வயலில் அவனும் அத்துணை நாள் உழைப்பான். மூன்றாவது 'பெத்ம' என்பது. நீர் குறைந்த போகத்தில் அனைவரும் தத்தம் வயலை விதைக்க முயன்று அழியாது, குளத்துக்கு அண்மையான வயலை மட்டும் விதைப்பதென முடிவுசெய்து, அதனைத் தம்முட் பகிர்ந்துகொள்வர். தூரத்து வயலுக்குரியவனும் அதனாற் பட்டினியின்றிப் பிழைப்பான்.

பங்கு முறை தமிழர்க்குப் புதிதன்று. வைகை பெருகியபோது பாண்டியன் கரையை அளந்து குடிகளுக்குப் பங்கிட்டதையும், ஆளற்ற வந்தியின் பங்கை அடைக்க இறைவனே பிட்டுக்குக் கூலியாளாய் மண் சுமந்ததையும் திருவிளையாடற் புராணம் கூறுகின்றது. முதியவளொருத்தியின் பங்கு அடைபடாவிடினும் ஊர் முழுதும் வெள்ளத்துக்கு இரையாகும் என்னும் உண்மை அக்கதையின் உள்ளே கிடக்கின்றது.

கட்டாயமும் விருப்பும்

இவ்வுழைப்பு முற்றிலும் தன்விருப்பால் எழுந்ததோ எனின், அன்று எனல் வேண்டும். மன்னராட்சியில் நிலமுடையார் செய்தற்குரிய 'இராசகாரிய' ஊழியம் இருந்தது. ஊர் வழக்கை மீறியோரைத் தண்டிக்கும் அதிகாரமும் ஊர்மன்றுக்கு இருந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. மக்களை அடிமை ஊழியத்தினின்றும் விடுவித்த அச்செயல் போற்றத்தக்கதே. ஆயினும் தன் பங்கைச் செய்யாதவனைக் கேட்கும் அதிகாரமும் அதனோடு தளர்ந்தது. ஒருவன் ஒதுங்க, மற்றவனும் ஒதுங்கினான். குளங்கள் பல தூர்ந்தன.

பதினாறு ஆண்டுகளின் பின் அரசு வேறொரு கட்டாயத்தைக் கொணர்ந்தது. 1848ஆம் ஆண்டின் தெருச் சட்டம், வயதுவந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஆறு நாள் தெரு வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் இறுக்கவேண்டும் என விதித்தது. ஏனைய புதுவரிகளோடு இதுவும் சேர, அவ்வாண்டு யூலை மாதத்தில் மாத்தளையிற் கிளர்ச்சி மூண்டது. கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் அரசனாக முடிசூட்டப்பெற்றான். புரன் அப்பு ஆகத்து மாதத்திற் சுட்டுக் கொல்லப்பட்டான். தம் குளக்கட்டிற் பங்கு வேலை செய்தல் அம்மாவட்டத்து உழவர்க்குப் பழகிய கடமை. தெரு வேலையோ அவர் கூடி முடிவு செய்ததுமன்று. அதன் பயன் அவர் வயலுக்கு மீள்வதுமன்று.

பின்னர் ஆள்பதி வார்டு காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம், உழவர் தாமே கூடிப் பழைய ஊர் வழக்கை மீண்டும் நடைமுறைப்படுத்த வழிசெய்தது. இதற்கு ஈராண்டின் பின், 1858இற் சென்னை மாகாணத்திலும் குடிமராமத்தை வற்புறுத்தும் சட்டமொன்று இயற்றப்பட்டமை ஒப்புநோக்கத்தக்கது. உழைப்பு கட்டாயத்தால் மட்டும் நிலைப்பதில்லை. வெறும் விருப்பத்தாலும் நிலைப்பதில்லை. ஊரவர் தாமே வகுத்த விதிக்குத் தாமே உடன்படும்போது அது நிலைக்கின்றது.

சிரமதானம்

1958ஆம் ஆண்டிலே கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்தினா தம் மாணாக்கரோடு குருநாகல் மாவட்டத்துக் கனத்தொளுவ என்னும் பின்தங்கிய ஊருக்குச் சென்று, அவ்வூரவரோடு கூடி உழைத்தார். சருவோதய இயக்கம் அதிலிருந்தே வளர்ந்தது. 'சிரமதானம்' என்னும் சொல் இன்று தமிழரிடையும் வீட்டுச் சொல்லாயிற்று. உழவாரப் படை ஏந்திக் கோயில் முன்றில்களிற் புற்செதுக்கிய திருநாவுக்கரசரை வழிபடும் சைவ மக்களுக்கு இத்தொண்டின் நெறி நன்கு விளங்கும்.

எனினும், வெளியிலிருந்து வருவோரின் ஒருநாட் பணிக்கும் ஊரவரின் ஆண்டுதோறுமான பணிக்கும் வேறுபாடு உண்டு. நூறு இளைஞர் கூடிக் குளக்கட்டின் புதரை ஒரு பகலில் வெட்டிவிடலாம். அடுத்த மாரிக்கு முன் புதிய எலி வளையைக் காண்பவன் அவ்வூரானே. அன்றியும், அமைப்பறியாத ஆர்வம் கேடும் விளைக்கும். தூரகற்றும் எண்ணத்தோடு அலைகரைச் சோலையை அழிப்பின் குளநீர் விரைந்து வற்றும். கட்டகடுவவை வயலாக்கின் உவர் ஏறும். ஆதலின் தொண்டர் முதலிற் செய்யத்தக்கது ஊர் முதியோரிடம் கேட்டறிதலேயாம்.

இன்றைய நிலை

இலங்கை வறள்வலயத்தின் தொடர்க்குளக் கிராம முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் உழவர் அமைப்புகளுக்கு இடமளித்துள்ளது. விதைப்பு நாளையும் நீர் திறக்கும் நாளையும் ஊரவர் கூடி முடிவு செய்யும் வழக்கமும் அற்றுப் போகவில்லை. ஆனால் அத்தம் அருகி வருகின்றது. பொறி உழவும் பொறி அறுவடையும் அயலான் கையை வேண்டா. தம்புள்ளைச் சந்தையை நோக்கிய மரக்கறியும் வெங்காயமும் தனிக்கிணற்று நீரில் விளைகின்றன. அவற்றை விளைப்பவனுக்குக் குளக்கட்டின் பங்கு பெருஞ்சுமையாகத் தோன்றுகின்றது. ஆயின் அவன் கிணற்றுக்கு ஊறுவதும் பெரும்பாலும் அக்குளத்து நீரே. குளம் வற்றின் கிணறும் வற்றும்.

சீகிரியாவைக் காத்தற்கு வேலியும் காவலும் போதும். உழவர் ஊரைக் காத்தற்கு அங்கு உழவு நடைபெறல் வேண்டும். குளத்து நீர் வயலிற் பாயும்வரை கட்டின் பங்கைக் கேட்பாரும் செய்வாரும் இருப்பர். பாய்தல் ஒழியின் பட்டயமும் பாராட்டும் அதனை மீட்கமாட்டா. விடுமுறையிற் சிரமதானத்துக்குச் செல்லும் மாணவர் இதனை உளங்கொண்டு, புதரை வெட்டுவதோடு அமையாது, அவ்வூர் உழவரின் கூட்டத்திலும் அமர்ந்து, எப்பங்கு எவருக்குரியது, எது செய்யப்படாது கிடக்கின்றது என்பதைக் கேட்டறிவாராக. அப்பங்கை அடைக்கும் கையே வந்திக்கு உதவிய கை போன்றதாகும்.