கட்டியைவிட்டுக் கிளம்பும் செல்கள்

மார்பகப் புற்றுநோயில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் முதற்கட்டியன்று. நுரையீரல், எலும்பு என்று நோய் பரவுவதுதான். இடம்பெயரும்படி செல்லைத் தூண்டுவது எது?

2007-இல் அமெரிக்காவில் லீ மா, ராபர்ட் வைன்பெர்க் குழுவினர் ஒரு தூண்டுகோலைக் கண்டனர். அது மைக்ரோ ஆர்.என்.ஏ. 10பி. ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட இழை! புரதம் செய்யும் கட்டளையைச் சுமந்துவரும் தூது ஆர்.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குவதே இதன் வேலை. இங்கே முடங்குவது ஹாக்ஸ் டி10 என்னும் புரதத்தின் தூது. செல் நகராமல் காத்துவந்தது அப்புரதம். அது குறைந்தால் செல் கிளம்பிவிடும்.

2010-இல் இந்த இழையைப் பிடித்து முடக்கும் எதிரிழை ஒன்றைச் சுண்டெலிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். கட்டி சுருங்கவில்லை. (எனக்கு வியப்பளித்தது இதுதான்.) ஆனால் நுரையீரலில் புதிய கட்டிகள் வெகுவாகக் குறைந்தன. எனினும் முன்பே பரவிவிட்ட செல்களிடம் அது பலிக்கவில்லை.