வேலையில்லா வேட்டை நாய்

நமது தேசத்து நாய்களுக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் தபால் இலாகா இராஜபாளையம், முதோல் முதலிய நான்கு ஜாதி நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டுக் கௌரவித்தது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரதம மந்திரி தமது வானொலிப் பேச்சில் சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி முதலியவற்றைப் பெயர் சொல்லிப் புகழ்ந்து, நாய் வளர்க்க விரும்புவோர் இந்திய ஜாதியையே வளர்க்கலாம் என்று யோசனை கூறினார். பனிப் பிரதேசத்து நாயைக் கொணர்ந்து சென்னை வெயிலில் வாட்டுவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால், சுதேச பக்தி ஒன்றையே மூலதனமாகக் கொண்டு சிப்பிப்பாறைக் குட்டியை மூன்றாவது மாடி வீட்டுக்குக் கொண்டு வருகிறவர்கள், ஆறேழு மாதத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதையும் காண்கிறோம். மெத்தை கிழிகிறது, செருப்பு மறைகிறது, கதவு திறந்த மறுகணம் நாய் தெருக்கோடியில் நிற்கிறது. “இதற்குப் பைத்தியம்” என்று தீர்ப்புக் கூறிச் சிலர் சங்கிலியில் பிணைக்கிறார்கள். வேறு சிலர் ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வந்து விடுகிறார்கள். இதைவிடக் கொடுமை வேறில்லை.

பைத்தியமன்று, வேலையில்லாத் திண்டாட்டம். தென்பாண்டிச் சீமையின் கரிசல் வெளியில், முயலைக் கண்ணால் கண்டு காற்றாய்ப் பறந்து பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட ஜாதி அது. 1972-ல் இயற்றப்பட்டுப் பின்னர் கடுமையாக்கப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின்படி அந்த வேட்டை இன்று குற்றம், குற்றமாயிருப்பதே நியாயம். ஆயினும் வேலை போய்விட்ட செய்தி நாயின் கால்களுக்கு எட்டவில்லையே!

இங்கே ஓர் ஆறுதல் உண்டு. வேட்டை நாய் நாள் முழுவதும் ஓடுவதன்று. சில நிமிஷம் மின்னலாய்ப் பாய்ந்தபின் மணிக்கணக்கில் சுருண்டு உறங்குவது அதன் சுபாவம். ஆகவே மெதுவாக நடத்தி அழைத்துச் செல்லும் ஒரு மணி நேர உலாவைவிட, வேலியடைத்த மைதானத்தில் பத்து நிமிஷ ஓட்டம் அதிகப் பலன் தரும். வேலி அவசியம். ஓடுகிற பொருளைக் கண்டுவிட்டால் எஜமானரின் குரல் அதன் காதில் ஏறாது. மைதானம் கிடைக்காதவர்கள் நீண்ட கயிற்றில் கட்டிப் பந்தெறிந்து விளையாடலாம்.

நேரம் விடியற்காலையாக இருக்கட்டும். நாய் நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் மூச்சிரைத்தே உஷ்ணத்தைத் தணிக்கிறது. தார் ரோட்டில் நமது புறங்கையை ஐந்து விநாடி வைத்திருக்க முடியவில்லையானால், அதன் பாதமும் அங்கே பொறுக்காது. ஓடி வந்தவுடன் வயிறு நிறையச் சோறிடுவதும், சோறுண்டவுடன் ஓட்டுவதும் ஆகா. மார்பு ஆழமான இந்த ஜாதிகளுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. அது உயிரையே வாங்கிவிடும். ஒரு வயதுக்குட்பட்ட குட்டியை சைக்கிளுக்குப் பின்னால் ஓடச் செய்யும் வீரர்களும் இருக்கிறார்கள். எலும்பு முற்றாத பருவத்தில் அது தகாத காரியம்.

கால்களைவிட மூக்கைக் களைப்படையச் செய்வது இன்னும் சுலபம். சோற்றைத் தட்டிலேயே வைக்க வேண்டுமென்ற விதி ஏது? கேழ்வரகுக் களியைச் சிறு உருண்டைகளாக்கிப் பழைய துணி மடிப்புகளிலும், அட்டைப் பெட்டியிலும், படிக்கட்டு மூலைகளிலும் ஒளித்து வைத்துத் தேடவிட்டால், கால் மணி நேரத்தில் நாய் திருப்தியோடு படுத்துவிடும். மழைக் காலத்துக்கு இதுவே கைகண்ட உபாயம்.

மேலே பாய்ந்து தாவும் நாயைக் கத்தி விரட்டினால், அதுவும் விளையாட்டென்றே எண்ணிக்கொள்ளும். முகத்தைத் திருப்பிக்கொண்டு சும்மா நின்று, நான்கு காலும் தரையில் பட்ட கணத்தில் தட்டிக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒருவர் கண்டிக்க, மற்றொருவர் கொஞ்சினால் பிரயோஜனமில்லை. பிரம்பு வேண்டவே வேண்டாம். அது அச்சத்தைத் தருமேயன்றி அமைதியைத் தராது. சங்கிலியோ ஆத்திரத்தை வளர்க்கும்.

தூக்கத்தையும் மறக்கலாகாது. வளர்ந்த நாயே நாளில் பாதி நேரம் உறங்கும். குட்டிக்கு இன்னும் அதிகம் வேண்டும். மாலையில் வெறி பிடித்தாற்போல் கூடத்தைச் சுற்றும் குட்டி, பல சமயம் உறக்கம் போதாத குழந்தையைப் போன்றதே. குழந்தைகள் ஓயாமல் எழுப்பாமல், ஒதுக்குப்புறமாக ஒரு சாக்கை விரித்துப் படுக்கவிட வேண்டும்.

இரண்டு மூன்று வயதில் பெரும்பாலான நாய்கள் தாமே நிதானமடைகின்றன. அதுவரையில் விடியற்காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குபவர் யார் என்பதை, குட்டியை வாங்கப் போகுமுன்பே குடும்பத்தில் பேசி முடிவு செய்துகொள்வது நலம். குழந்தைகள் கேட்டார்களென்று வாங்கப்படும் நாய், இரண்டாவது வாரத்திலேயே அம்மாவின் பொறுப்பில் வந்துவிடுகிறது.